ஸ்டென்ட் வைத்தவர்கள் எடுக்கும் அந்தச் சிறிய குளிசை



இருதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்து வீடு திரும்புபவர்களின் கையில் ஒரு பை நிறைய மருந்து கொடுத்து அனுப்புவார்கள். அஸ்பிரின் எல்லோருக்கும் தெரிந்த பெயர். கொழுப்புக்கு ஒன்று, பிரஷருக்கு ஒன்று என்பதும் விளங்கிவிடும். ஆனால் குளோபிடோகிரல் என்றோ டிகாகிரலோர் என்றோ பெயர் எழுதிய ஒரு குளிசையும் அதற்குள் இருக்கும். அது எதற்கு என்று கேட்டால், "இரத்தத்தைத் தண்ணியாக்க" என்று சொல்லி முடித்துவிடுகிறோம். உண்மையில் அது இரத்தத்தைத் தண்ணியாக்குவதில்லை. நமது உடலிலுள்ள கோடிக்கணக்கான சின்னஞ்சிறு கதவுகளில் ஒரு வகையை மட்டும் பூட்டிவைக்கிறது. அந்தக் கதவு எது, அது ஏன் நம்மவர்களுக்குக் கொஞ்சம் விசேஷமான விடயம், குளிசையை நாமாகவே நிறுத்தினால் என்ன நடக்கும் என்பதைத்தான் இம்முறை பார்க்கப்போகிறோம்.

எப்சமில் குடியிருப்பவர்களுக்கு இருதய வைத்தியம் தூரத்து விடயம் அல்ல. பக்கத்திலுள்ள கிறீன்லேன் வைத்தியசாலையில்தான் சேர் பிரையன் பரட்-பொய்ஸ் 1962இல் இறந்தவரிடமிருந்து எடுத்த இருதய வால்வை நோயாளிக்குப் பொருத்தி உலகப் பெயர் பெற்றார். இன்று அந்தச் சத்திரசிகிச்சைகள் கிராஃப்டனிலுள்ள ஒக்லாந்து நகர வைத்தியசாலையில் நடைபெறுகின்றன. கிறீன்லேனுக்கு நாம் பெரும்பாலும் கிளினிக்குக்குத்தான் போகிறோம்.

கலத்துக்கு உள்ளே எரிபொருள், வெளியே செய்தி

பள்ளிக்கூடத்தில் உயிரியல் படித்தவர்களுக்கு ஏ.ரி.பி. என்ற பெயர் நினைவிருக்கும். உணவிலிருந்து கிடைக்கும் சக்தியைக் கலங்கள் இந்தப் பொருளாக மாற்றிச் செலவழிக்கின்றன. எந்த நேரத்திலும் நம் உடலில் உள்ள ஏ.ரி.பி. சில பத்துக் கிராம்தான். ஆனால் அது உடைந்து, மீண்டும் உருவாகி, திரும்பவும் உடைவதை எல்லாம் கூட்டிப் பார்த்தால், ஒரு நாளில் நமது உடல் எடையளவுக்கு வந்துவிடும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். கைக்காசு குறைவாக இருந்தாலும் கடையில் வியாபாரம் ஓகோவென்று நடப்பதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

இந்த ஏ.ரி.பி.யிலிருந்து ஒரு பொசுபேற்று கழன்றால் அது ஏ.டி.பி. எல்லாம் கழன்றுவிட்டால் மிஞ்சுவது அடினோசின். இவை கலத்துக்கு உள்ளேயே இருக்கவேண்டியவை. உள்ளே இருக்கும் அளவோடு ஒப்பிட்டால் வெளியே இருப்பது மிகமிகச் சொற்பம். அதனால் ஒரு கலம் கிழிந்தாலோ நசுங்கினாலோ, வெளியே திடீரென ஏ.ரி.பி. பெருகும். பக்கத்திலுள்ள கலங்கள் அதை உணர்ந்து, "இங்கே ஏதோ அசம்பாவிதம்" என்று புரிந்துகொள்கின்றன. உணர்வதற்கு அவற்றின் மேற்பரப்பில் விசேஷமான புரதங்கள் உள்ளன. இவற்றை வாங்கிகள் என்பார்கள். தமிழ்நாட்டுப் புத்தகங்களில் ஏற்பிகள் என்று இருக்கும்.

இவற்றில் பி2எக்ஸ் என்ற குடும்பத்தில் 7 உறுப்பினர்கள். ஏ.ரி.பி. வந்து ஒட்டியதும் இவை கதவைப் போலத் திறந்து, உப்புத் துணிக்கைகளை உள்ளே விடும். பி2வை என்ற குடும்பத்தில் 8 பேர். இவை அழைப்பு மணி மாதிரி. வெளியே பொத்தானை அமுக்கினால் உள்ளே மணியடிக்கும், ஆனால் வாசல் திறக்காது. அடினோசினுக்கென்று வேறாக 4 வாங்கிகள் இருக்கின்றன.

கேலி செய்யப்பட்ட ஒரு கண்டுபிடிப்பு

1929இல் கேம்பிரிட்ஜில் ட்ரூரி, சென்ட்-ஜோர்ஜி என்ற இருவர் இருதயத் தசையிலிருந்து ஒரு சாற்றை எடுத்து விலங்குகளுக்கு ஏற்றிப் பார்த்தார்கள். இருதயத் துடிப்பு மெதுவாகியது. அடினோசின் வகைப் பொருட்கள்தான் காரணம் என்று கண்டார்கள். அதே 1929இல் லண்டனில் பிறந்தவர் ஜெஃப்ரி பேர்ன்ஸ்டொக். நமக்குப் பக்கத்து நாட்டில், மெல்பேர்ன் பல்கலைக்கழகத்தில், 1959 முதல் 1975 வரை இருந்தவர். குடல் தசையை இயக்கும் நரம்புகளை ஆராய்ந்தபோது, அன்று தெரிந்திருந்த இரண்டு இரசாயனச் செய்திகளையும் தடுத்த பிறகும் தசை தளர்வதைக் கண்டார். அப்படியானால் மூன்றாவது செய்தி ஒன்று இருக்கவேண்டும். அது ஏ.ரி.பி.தான் என்று 1972இல் எழுதினார்.

அறிவியல் உலகம் சிரித்தது. எல்லாக் கலத்திலும் கிடக்கும் எரிபொருள் எப்படி நரம்பின் செய்தியாகும் என்று கேட்டார்கள். பெற்றோலை ஊற்றிக் கடிதம் எழுதலாமா என்பது போல இருந்தது அவர்களுக்கு. அவர் விடவில்லை. 1978இல் இந்த வாங்கிகளை இரண்டு பெரும் பிரிவாக வகுத்தார். 1990களின் தொடக்கத்தில் வாங்கிகளின் மரபணுக்களே கையில் கிடைத்தபின் எதிர்த்தவர்கள் அமைதியானார்கள். 2020இல் தமது 91வது வயதில் அவர் காலமானபோது இந்தத் துறை ஒரு பெரிய ஆலமரமாகியிருந்தது. இருபது வருடம் ஏளனத்தைத் தாங்கிய பொறுமையை நான் அவருடைய கண்டுபிடிப்பைவிடப் பெரிதாக நினைக்கிறேன்.

இரத்தத் தட்டுகளின் மணி

இனி ஸ்டென்டுக்கு வருவோம். நமது இரத்தத்தில் சிவப்பணு, வெள்ளையணு தவிர, தட்டுகள் என்ற மிகச்சிறிய துண்டுகளும் ஓடுகின்றன. எங்காவது காயம் பட்டால் அவை முதலில் ஓடிவந்து ஒட்டும். ஒட்டிய தட்டு தன்னிடம் சேமித்து வைத்திருக்கும் ஏ.டி.பி.யை வெளியே கொட்டும். பக்கத்தில் போகும் தட்டுகள் அதை உணர்ந்து தாமும் வந்து ஒட்டும், தாமும் கொட்டும். கொஞ்ச நேரத்தில் அடைப்பு உருவாகி இரத்தம் நின்றுவிடும். ஏ.டி.பி.தான் தட்டுகளைக் கூட்டுகிறது என்பதை 1961இல் நோர்வே ஆய்வாளர்கள் காட்டினார்கள். அடுத்த ஆண்டு லண்டனில் குஸ்தாவ் போர்ன் அதை அளக்கும் கருவியைச் செய்தார். (இவர் இயற்பியலில் நோபல் பரிசு பெற்ற மக்ஸ் போர்னின் மகன்.)

தட்டுகளில் ஏ.டி.பி.யை உணரும் மணிகள் இரண்டு. பி2வை1 கூட்டத்தைத் தொடங்கிவைக்கிறது. பி2வை12 அந்தக் கூட்டம் கலையாமல் பிடித்துவைக்கிறது. கைவிரலை வெட்டிக்கொண்டால் இது நம்மைக் காப்பாற்றும். ஆனால் ஸ்டென்ட் என்பது ஓர் உலோக வலை. அதன்மேல் இரத்தக் குழாயின் சொந்தத் தோல் வளர்ந்து மூடும்வரை, தட்டுகளுக்கு அது ஒரு காயம் போலத்தான் தெரியும். வந்து ஒட்டத் தொடங்கினால், அடைப்பை எடுத்த இடத்திலேயே மறுபடியும் அடைப்பு. அது திடீரென வரும், பெரிய மாரடைப்பாக வரும், உயிரையும் எடுக்கக்கூடும். அந்தச் சிறிய குளிசை பி2வை12 என்ற மணியைப் பூட்டிவைப்பது இதற்காகத்தான். அஸ்பிரின் தட்டின் உள்ளே வேறொரு வழியை அடைக்கிறது. ஆகையால் "அஸ்பிரின் எடுக்கிறேன்தானே, மற்றது எதற்கு" என்ற கேள்விக்கு இடமில்லை. இரண்டும் இரண்டு வேலை.

ஒரு சுவையான செய்தி. குளோபிடோகிரல் 1997இலேயே விற்பனைக்கு வந்துவிட்டது. ஆனால் அது பூட்டும் வாங்கி எது என்று 2001இல்தான் இனங்காணப்பட்டது. நான்கு வருடமாக, எந்தக் கதவு என்று தெரியாமலேயே உலகம் பூட்டிக்கொண்டிருந்தது! அதைக் கண்டுபிடித்த குழுவில் இருந்த டேவிட் ஜூலியஸ், மிளகாயின் காரத்தை உணரும் வாங்கியைக் கண்டதற்காக 2021இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். நம் சமையலறைக்கும் அவருக்கும் நல்ல பொருத்தம்.

நம்மவர்கள் ஏன் கவனிக்கவேண்டும்

குளோபிடோகிரல் விழுங்கியவுடன் வேலை செய்யும் மருந்தல்ல. ஈரலில் உள்ள நொதியங்கள் அதை மாற்றியமைத்த பிறகுதான் அதற்குப் பலம் வரும். உட்கொள்ளும் மருந்தில் பெரும்பகுதி வீணாகி, சிறுபகுதிதான் இந்த வழியில் போகிறது. இதில் முக்கிய பங்கு வகிக்கும் நொதியத்துக்கு சிப் 2சி19 என்று பெயர். இதற்கான மரபணு தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என்று இரண்டு பிரதிகளாக நமக்கு வருகிறது. சிலருக்கு ஒரு பிரதி வேலை செய்யாது, சிலருக்கு இரண்டுமே வேலை செய்யாது. இரண்டும் பழுதானவர்களுக்கு இந்தக் குளிசை மிகக் குறைந்த பலனையே தரும்.

ஐரோப்பியரிடம் இந்தப் பழுதான வகை ஏறத்தாழ நூற்றுக்கு 15 பிரதிகளில் காணப்படுகிறது. புதுச்சேரி ஜிப்மர் ஆய்வாளர்கள் தமிழரிடையே செய்து 2003இல் வெளியிட்ட ஆய்வில், அது மூன்றில் ஒன்றையும் தாண்டியது. பிரித்தானியாவில் வாழும் பங்களாதேஷ், பாகிஸ்தான் வம்சாவளியினரை ஆராய்ந்து 2023இல் வெளியிடப்பட்ட பெரிய ஆய்வொன்றில், நூற்றுக்கு 57 பேருக்குக் குறைந்தது ஒரு பழுதான பிரதியாவது இருந்தது. மாரடைப்பு இளவயதிலேயே வரும் நமது தெற்காசியச் சமூகத்தில், அதைத் தடுக்கும் மருந்தும் சிலருக்குச் சரியாகப் பிடிக்காது என்பது கவலைக்குரிய பொருத்தம்தான்.

அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2010இல் இதுபற்றி மருந்துப் பெட்டியில் கட்டம்போட்ட எச்சரிக்கை வைக்கச் சொன்னது. ஆசியரும் பசிபிக் தீவினரும் நிறைய வாழும் ஹவாய் மாநிலம், இதை முன்கூட்டியே சொல்லவில்லை என்று தயாரிப்பு நிறுவனங்கள்மீது வழக்குத் தொடுத்தது. 2021இல் 83 கோடி டொலருக்கும் மேல் தண்டம் விதிக்கப்பட்டது. மேல் நீதிமன்றம் 2023இல் அதைத் திருப்பி அனுப்பியது. 2024இல் மறுபடியும் 91 கோடி டொலருக்கும் மேல் தீர்ப்பாகியது. பிரித்தானியாவிலோ, பாரிசவாதம் வந்தவர்களுக்குக் குளோபிடோகிரல் கொடுக்குமுன் இந்த மரபணுவைச் சோதிக்கும்படி 2024இல் பரிந்துரைத்தார்கள்.

இதைப் படித்துவிட்டு யாரும் பயந்து குளிசையை நிறுத்தவேண்டாம்! ஒரு பிரதி பழுதாக இருந்தாலும் மருந்து ஓரளவு வேலை செய்யும். பலருக்கு இரண்டும் நன்றாகவே இருக்கும். நிறுத்துவதுதான் ஆபத்து. இந்தச் சோதனை எல்லோருக்கும் வழக்கமாகச் செய்யப்படுவதில்லை. உங்கள் இருதய வைத்தியரிடமோ ஜீ.பி.யிடமோ, "நான் தெற்காசியர், இந்த மருந்து எனக்குப் பிடிக்குமா" என்று கேட்பதில் தவறே இல்லை. அவர்கள் அதைக் குறையாக எடுக்கமாட்டார்கள்.

டிகாகிரலோருக்கு இந்தச் சிக்கல் கிடையாது. ஈரல் மாற்றியமைக்காமலே அது அதே மணியைப் பூட்டும். 2009இல் வெளியான, 18,000 பேருக்கு மேற்பட்டோரை உள்ளடக்கிய ஆய்வில், ஒரு வருடத்துக்குள் மாரடைப்பு, பாரிசவாதம் அல்லது இரத்தக்குழாய் நோயால் மரணம் நேர்ந்தவர்கள் குளோபிடோகிரல் எடுத்தோரில் நூற்றுக்கு 11.7, டிகாகிரலோர் எடுத்தோரில் 9.8. நியூசிலாந்தில் 2013 முதல் அரச மானியத்தில் கிடைக்கிறது. ஆனால் நாளுக்கு இரண்டு தடவை எடுக்கவேண்டும், மறந்தால் பலன் சீக்கிரம் போய்விடும். சிலருக்கு மூச்சு வாங்குவது போல இருக்கும். மேற்சொன்ன ஆய்வில் நூற்றுக்கு 14 பேர் அளவில் அப்படிச் சொன்னார்கள். அப்படி இருந்தால் வைத்தியரிடம் சொல்லுங்கள், மாற்றித் தருவார்கள். நீங்களே விட்டுவிட வேண்டாம்.

அன்றாடம் கவனிக்கவேண்டியவை

வயிற்றெரிவுக்கு ஒமெப்ரசோல் எடுப்பவர்கள் நம்மிடையே நிறையப் பேர். அது மேற்சொன்ன சிப் 2சி19 நொதியத்தை மந்தமாக்கும். குளோபிடோகிரல் எடுப்பவர் அதையும் சேர்த்து எடுக்கிறாரென்றால், பாமசியில் ஒருமுறை கேளுங்கள். பன்டோப்ரசோல் போன்ற மாற்று இருக்கிறது. முழங்கால் நோவுக்குக் கடையில் வாங்கும் ஐபுபுறொஃபென், டைக்ளோஃபினக் குளிசைகளும் இரத்தக் கசிவைக் கூட்டும். இஞ்சி, உள்ளி, மஞ்சளைக் கறியில் போடுவதற்குத் தடையில்லை. அவற்றையே செறிவாக்கி மாத்திரையாக விற்பதை எடுப்பதென்றால் மட்டும் வைத்தியருக்குச் சொல்லவேண்டும்.

பல் பிடுங்கப் போகிறவர்கள் இரத்தம் நிற்காதே என்று பயந்து இரண்டு மூன்று நாள் முன்பே குளிசையை நிறுத்திவிடுவதுண்டு. ஸ்டென்ட் வைத்து சில மாதங்களே ஆனவருக்கு இது மிகப் பாரதூரமான காரியம். பல்லில் கசியும் இரத்தத்தைப் பஞ்சை வைத்து அழுத்தி நிறுத்தலாம். இருதயக் குழாயில் உறைந்த கட்டியை வீட்டில் வைத்து ஒன்றும் செய்யமுடியாது. பல் வைத்தியரிடம் மருந்தின் பெயரைச் சொல்லுங்கள், நிறுத்துவதா இல்லையா என்பதை இருதய வைத்தியர் தீர்மானிக்கட்டும். மாரடைப்புக்குப் பிறகு வைத்த ஸ்டென்டுக்குப் பொதுவாக ஒரு வருடம்வரை இரண்டு மருந்தும் சொல்வார்கள். ஆளுக்கு ஆள் அது கூடும், குறையும்.

ஊருக்குப் போகிறவர்களும் யோசிக்கவேண்டும். யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ மூன்று மாதம் நிற்பதென்றால், இங்கிருந்தே போதிய குளிசையைக் கைப்பையில் கொண்டுபோங்கள். பெட்டியில் போட்டால் பெட்டி சிங்கப்பூரில் நின்றுவிடலாம். அங்கே வாங்க நேர்ந்தால், இதே மருந்து பல பெயர்களில் இருக்கும், அஸ்பிரினும் சேர்ந்த கூட்டுக் குளிசையாகவும் இருக்கும். தெரியாமல் வாங்கினால் அஸ்பிரின் இரட்டிப்பாகிவிடும். மருந்தின் உண்மைப் பெயரை ஒரு துண்டில் எழுதி வைத்திருப்பது நல்லது.

மலம் தார் போலக் கறுத்தாலோ, தலையில் அடிபட்டாலோ, மூக்கால் வழியும் இரத்தம் நிற்காவிட்டாலோ தாமதிக்கவேண்டாம். நெஞ்சு நோவுக்கு 111. காரில் கொண்டுபோகலாம் என்று மருமகனுக்குத் தொலைபேசி எடுப்பது நம்மவர்களின் பழக்கம். அம்புலன்சில் வருபவர்கள் வழியிலேயே சிகிச்சையைத் தொடங்கிவிடுவார்கள், மருமகனால் அது முடியாது.

கோப்பி, இருமல், காது

இதே குடும்பத்தின் வேறு சில உறுப்பினர்களையும் சொல்லிவிடுகிறேன். கோப்பி குடித்தால் தூக்கம் போவது, கஃபீன் அடினோசின் வாங்கிகளை மறிப்பதால். இருதய ஸ்கேனுக்கு அடினோசின் ஏற்றுவதென்றால், முன்கூட்டியே கோப்பி, தேநீர், கோலா, சொக்லேட் வேண்டாம் என்று கடிதத்தில் எழுதியிருப்பார்கள். கஃபீன் உடலில் இருந்தால் ஏற்றும் மருந்து வேலை செய்யாது, ஸ்கேன் வீணாகும். "ஒரு வாய் தேத்தண்ணிதானே" என்று நினைத்துப் போகாதீர்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் அதை முன்பே சொல்லவேண்டும்.

மாதக்கணக்கில் தீராத இருமலுக்கு, தொண்டை நரம்புகளிலுள்ள பி2எக்ஸ்3 வாங்கியை மறிக்கும் ஜெஃபபிக்சன்ட் என்ற மருந்தை 2022இல் ஜப்பானும் 2023இல் ஐரோப்பிய ஒன்றியமும் அனுமதித்தன. அமெரிக்கா இருமுறை மறுத்துவிட்டது. நாக்கின் சுவை நரம்புகளிலும் இதே வாங்கி இருப்பதால் பலருக்கு உணவின் ருசி போய்விடுகிறது. இருமல் நின்றாலும் குழம்பில் உப்புத் தெரியாவிட்டால் என்ன பயன்!

காது விடயத்தில் நமது ஒக்லாந்துக்கே பங்கு உண்டு. கிராஃப்டனிலுள்ள ஒக்லாந்து பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் பீட்டர் தோர்ன், ஸ்ர்ஜன் விளாய்கோவிச் ஆகியோரும், முன்பு இங்கிருந்து பின்னர் சிட்னிக்குச் சென்ற கேரி ஹவுஸ்லியும், உட்காதிலுள்ள ஏ.ரி.பி. வாங்கிகளைப் பல வருடமாக ஆராய்ந்தவர்கள். பெரிய சத்தத்துக்குள் நின்றுவிட்டு வெளியே வந்தால் காது கொஞ்ச நேரம் மந்தமாக இருக்குமல்லவா? அதில் ஒரு பகுதி காது தன்னைப் பாதுகாக்கச் செய்யும் ஏற்பாடு என்று 2013இல் இவர்களின் குழு எலிகளில் காட்டியது. சத்தம் கூடும்போது உட்காதில் ஏ.ரி.பி. வெளியாகி, பி2எக்ஸ்2 வாங்கி மூலம் காதின் கூர்மையைக் குறைக்கிறது. அந்த வாங்கி இல்லாத எலிகளுக்கு இந்த மந்தம் வரவில்லை, ஆனால் சத்தத்தால் நிரந்தரச் சேதம் கூடுதலாக வந்தது. அதே ஆண்டில், இந்த வாங்கியின் மரபணுவில் பழுதுள்ள இரண்டு சீனக் குடும்பங்களில் பரம்பரையாகக் காது கேளாமை வருவதும் கண்டறியப்பட்டது.

ஆனால் அந்தப் பாதுகாப்புக்கும் ஓர் எல்லை உண்டு. நமது கலைவிழாக்களில் மேடைக்குக் கிட்ட ஒலிபெருக்கிக்கு நேர் முன்னால் சின்னப்பிள்ளைகளை இருத்துகிறோம். அடுத்த விழாவில் அவர்களை நாலைந்து வரிசை பின்னால் இருத்துங்கள். ஒலிப்பொறுப்பாளர்களிடம் நான் தனியாகப் பேசுகிறேன்.